அலைகரை இல்லாத குளம்

கந்தளாய்க்கும் தம்பலகாமத்துக்கும் இடையில், பிரதான வீதியில் போகிறவர்களுக்குத் தெரியாத ஒரு சிறு குளம் இருக்கிறது. கடந்த ஆண்டு அதைப் புனரமைத்தார்கள். பல போகங்களாகக் கசிந்துகொண்டிருந்த கட்டை உயர்த்தி, அகலமாக்கி, உட்புறச் சரிவில் கருங்கல் பாவினார்கள். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகான துருசு பழுதடைந்திருந்தது; அதை அகற்றிப் புதியது வைத்தார்கள். மிகுதி நீர் வழிந்தோடும் வானுக்குக் கொங்கிரீற்றுப் போட்டார்கள். இவை எல்லாம் செய்யப்பட வேண்டியவை; நன்றாகவும் செய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் வேலை அத்துடன் நிற்கவில்லை. பெக்கோ இயந்திரங்கள் கட்டடியிலிருந்து மேலேறி, கட்டுக்கு எதிர்ப்புறத்தில் மழை நீர் மெல்ல மெல்லப் பரவி நிற்கும் ஆழமற்ற சரிவான அலைகரை முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டின. தோண்டிய மண்ணைச் சுற்றிவர வரம்பாகக் குவித்து, மேலே கிரவல் பரப்பி, நடைபாதை ஆக்கினார்கள். பன், கோரை, தாமரை, அல்லி எதுவும் மிஞ்சவில்லை. இப்போது அந்தக் குளத்தில் கரையிலிருந்து கரைவரை தண்ணீர் மட்டுமே தெரிகிறது.

ஊரில் பெரும்பாலானோருக்கு இதில் மகிழ்ச்சி. மாலையானதும் குடும்பம் குடும்பமாக வந்து நடக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். “இப்பதான் குளம் வடிவா இருக்கு” என்று பலர் சொல்லக் கேட்டுவிட்டேன். பொழுது சாய்ந்த பின் குளக்கட்டில் கால் வைக்கவே அஞ்சிய ஆண்டுகளைக் கண்ட ஊர் இது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பயமின்றி நடக்க ஓர் இடம் கிடைத்ததன் பெறுமதி எனக்கும் தெரியும். இருந்தும், அந்தக் கரையில் நிற்கும்போதெல்லாம் ஏதோ குறைகிறது என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. தாமரைக்கோழியின் சத்தம் இல்லை. இரவில் தவளைகள் கத்துவதும் அருகிப்போய்விட்டது. அழகு பற்றிய விருப்பு வெறுப்பு ஆளுக்கு ஆள் மாறும் என்று விட்டுவிடலாம். ஆனால் இதே முறையில் அடுத்தடுத்த குளங்களும் தோண்டப்படவிருக்கின்றன என்று அறிந்த பின்னர், என்னை உறுத்துவது வெறும் பழக்கத்தின் ஏக்கமா, அல்லது அதற்குக் காரணம் இருக்கிறதா என்று தெளிய வேண்டியதாயிற்று.

திருகோணமலை என்றதும் வெளியூரார் கடலையே நினைக்கிறார்கள். துறைமுகம், சுவாமி மலையில் நிற்கும் கோணேசர் கோயில், நிலாவெளி, உப்புவெளி என்று அவர்கள் கண்டுபோவதும் கரையோரத்தைத்தான். மாவட்டத்தின் உட்பகுதிக்குச் சோறு போடுவது நன்னீர். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. வடக்கே யான் ஓயா புல்மோட்டைப் பக்கம் கடலை அடைகிறது. இடையில் கந்தளாய், வெண்டரசன்குளம், பன்குளம், முதலிக்குளம் எனப் பெரியவையும் நடுத்தரமானவையும். அவற்றுக்கு நடுவே, பெயர் ஊருக்குள் மட்டும் வழங்கும் சிறு குளங்கள். ஐப்பசி முதல் தை வரை வாடையோடு வரும் மழையே இவற்றுக்கு முதல். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் சிறு குளங்கள் கண்முன்னே இறங்கும். ஆவணியில் சில குளங்கள் வெடித்த மண்ணாகவே கிடக்கும். நிரம்புவதும் வற்றுவதுமான இந்தச் சுற்றுக்குள்தான் இங்குள்ள நன்னீர் உயிர்கள் தங்கள் வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருக்கின்றன.

கட்டு வேறு, அலைகரை வேறு

என் பெரியப்பா நீண்ட காலம், வயல்களுக்கு நீர் பங்கிடும் பொறுப்பாளரான வட்டவிதானையாக இருந்தவர். எந்தத் துருசை எத்தனை மணிக்குத் திறப்பது, எந்த வாய்க்காலுக்கு முதலில் தண்ணீர் விடுவது என்பதெல்லாம் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இயற்கையை நேசிக்கும் மனிதர் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். கட்டில் ஒரு மரக்கன்று முளைத்தாலும் கத்தியோடு போய்விடுவார். அதற்கு அவரிடம் காரணம் உண்டு. மரம் பட்டுப்போய் வேர் உக்கினால் அந்த வழியே நீர் ஊறும்; கறையான் புற்றும் உடும்புப் பொந்தும் அப்படித்தான்; ஊறும் நீர் சிறிது சிறிதாக மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளம் உடைத்துப் பாய்ந்ததை நேரில் அறிந்த தலைமுறை அவருடையது. குளக்கோட்டன் கட்டியது என்று எங்கள் மரபும், இரண்டாம் அக்கபோதி கட்டியது என்று மகாவம்ச மரபும் சொல்லும் குளம் அது. கட்டின் நீளம் மட்டும் நான்கு கிலோமீற்றருக்கு மேல். அந்த விடியலில் 120க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதன் பின்னர் எந்தக் கட்டின் ஓரத்தில் ஈரம் கண்டாலும் பெரியப்பா குனிந்து, நீர் தெளிவாக வருகிறதா, மண் கலந்து வருகிறதா என்று கையில் ஏந்திப் பார்க்காமல் நகரமாட்டார். கலங்கி வந்தால் கட்டின் உள்ளே மண் போகிறது என்று பொருள்.

அப்படிப்பட்டவர் புனரமைப்பைப் பார்த்துப் பூரிப்பார் என்றே எதிர்பார்த்தேன். கட்டில் நடந்தபோது பூரிக்கத்தான் செய்தார். கல் பாவிய விதத்தைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார். மேற்குப் பக்கம் திரும்பி, வெட்டி இறக்கிய கரையைக் கண்டதும் நின்றுவிட்டார். “கட்டுல புல்லுக்கு மேல ஒண்டும் நிக்கக் கூடாது மகன். அலைகரையில ஒரு புல்லையும் தொடக் கூடாது. இவங்கள் ரெண்டையும் ஒண்டாக்கிப் போட்டாங்கள்” என்றார். அன்று அதற்கு மேல் அவர் பேசவில்லை. எனக்கு விளங்கும்படி அவர் காட்டித் தந்தது வேறொரு நாளில்.

மார்கழி மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்த ஒரு காலைப்பொழுதில், அயலிலுள்ள, இன்னும் யாரும் கை வைக்காத குளத்துக்கு என்னைக் கூட்டிச்சென்றார். கட்டுப் பக்கம் போகாமல், காட்டோரமாகச் சுற்றி அலைகரைக்கு வந்தோம். அங்கே குளம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. நனைந்த புல் நிலம் சொதசொதப்பாகி, பின்னர் பாதம் மூழ்கி, ஐம்பது அடி உள்ளே போனாலும் முழங்காலைத் தாண்டவில்லை. வெயில் பட்டு நீர் இளஞ்சூடாக இருந்தது. கோடையில் மாடு மேய்ந்த புல் நீருக்கடியில் இன்னும் பச்சையாக நின்றது. ஒரு கோரைத் தண்டில், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, தும்பி கழற்றிவிட்டுப் போன தோல் ஒட்டியிருந்தது. முதுகு பிளந்து, ஆறு கால்களும் தண்டை இறுகப் பற்றியபடி, உள்ளே ஒன்றுமில்லாமல். அந்தத் தோலுக்குள் இருந்த உயிர் மாதக்கணக்கில் நீருக்குள் நுளம்புக் குடம்பிகளைப் பிடித்துத் தின்று வளர்ந்து, இரவில் அந்தத் தண்டைப் பற்றி மேலேறிச் சிறகு விரித்திருக்கிறது. ஏறுவதற்குத் தண்டு இல்லாத குளத்தில் அது எப்படி வெளியே வரும் என்ற கேள்வி எனக்கு அப்போதுதான் எழுந்தது.

பெரியப்பா என் தோளைத் தொட்டு, அல்லி இலைகளுக்கு நடுவே ஓர் இடத்தைக் காட்டினார். காற்று இல்லை, ஆனால் அங்கு மட்டும் மழை தூறியது போல நீர் பொரிந்து பொரிந்து அடங்கியது. நெருங்கியபோது, விரலின் ஒரு கணுவுக்கும் சிறிய செம்மஞ்சள் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரு திரளாகச் சுழன்று கொண்டிருந்தன. விரால் குஞ்சுகள். விரால் செவுளால் மட்டும் வாழும் மீன் அன்று. வெளிக்காற்றையும் வாயால் எடுக்க வேண்டும். குஞ்சுகள் மூச்செடுக்க மேலே வந்துபோகும் சலனமே நாங்கள் கண்டது. சற்றுக் கீழே, கலங்கிய நிழலாக, முழங்கை நீளத்தில் தாய்மீனோ தகப்பன்மீனோ அசையாமல் நின்றது. என் நிழல் விழுந்ததும் அது ஓடவில்லை. குஞ்சுத் திரளுக்கும் எனக்கும் நடுவே மெல்ல வந்து நின்றது. புல் பூண்டுகளை ஒதுக்கி வட்டமாக இடம் செய்து, அதில் மிதக்கும் முட்டைகளை இட்டு, பொரித்த பின்னும் குஞ்சுகள் தம் நிறம் மாறிப் பிரிந்து போகும்வரை காவல் நிற்பது விராலின் இயல்பு. அதற்கு வேண்டியவை ஆழம் குறைந்த நீர், மறைவுக்குப் புல், வெயில். இவை மூன்றும் ஒருங்கே கிடைப்பது அலைகரையில் மட்டும்.

திரும்பும் வழியில் புனரமைத்த குளத்தடியில் இறங்கினோம். பெரியப்பா ஊன்றி நடக்கும் தடியைக் கரையோடு ஒட்டி நீருக்குள் விட்டார். கைப்பிடி வரை இறங்கியும் அடி தட்டவில்லை. “இதுக்குள்ள விரால் எங்க மகன் கூடு கட்டும்?” என்று கேட்டார். அதுவரை நான் குறை என்று உணர்ந்துகொண்டிருந்த ஒன்றுக்கு அந்த இடத்தில் உருவம் கிடைத்தது. குளத்தில் தண்ணீர் கூடியிருக்கிறது. உயிர் வளர்வதற்கான இடம் முழுவதும் எடுக்கப்பட்டிருக்கிறது.

ஆழத்தை அறியாத மீன்கள்

இதை ஒரு குளத்தின் கதையாக மட்டும் பார்க்க முடியாது. இலங்கையில் ஆழமான இயற்கை ஏரிகள் இல்லை. இயற்கையாக உள்ளவை மகாவலி போன்ற ஆறுகள் பெருக்கெடுக்கும்போது நிரம்பி, பின்னர் வற்றும் வில்லுகள்தாம். மற்றவை அனைத்தும் மனிதர் கட்டியவை. ஆகவே இந்த நாட்டு நன்னீர் மீன்கள் ஓடைகளிலும் சதுப்பிலும் வாழப் பழகி வந்தவை. விரால், கெளுத்தி, ஆரால், பனையேறிக் கெண்டை எல்லாமே கரையோரத்துப் புல்லையும் சேற்றையும் நம்பியவை. குளத்தின் நடுவே உள்ள திறந்த ஆழ்நீர் அவற்றுக்கு அந்நியம். அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் 1952இல் ஆபிரிக்காவின் திலாப்பியா இங்கு கொண்டுவரப்பட்டது. இன்று நன்னீர் மீன் என்று எங்கள் சந்தையில் குவிந்து கிடப்பதில் பெரும்பங்கு அதன் இனமே. ஏழை வீட்டுச் சட்டிக்குள் மீன் போட்ட அந்த இனத்தை நான் பழிக்க வரவில்லை. ஆனால் திலாப்பியாவும்கூடக் கரையோர ஆழமற்ற நீரில்தான் இனம் பெருக்குகிறது. ஆண் மீன் வாயாலும் வாலாலும் மண்ணைக் கிளறி வட்டக் குழி செய்யும். பெண் அதில் முட்டையிட்டு, வாய்க்குள் எடுத்து வைத்துப் பொரிக்கும். கோடையில் நீர் இறங்கும்போது அலைகரை நெடுகிலும் சட்டி அகலத்தில் வரிசையாகத் தெரியும் குழிகளைக் குளத்தோரம் வளர்ந்தவர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். செங்குத்தாக வெட்டிய கரையில் அந்தக் குழிக்கும் இடமில்லை. மீன்பிடியைப் பெருக்க ஆழமாக்குகிறோம் என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஆமைகளின் நிலை இன்னும் மோசம். பாலாமையும் கறுப்பு ஆமையும் முட்டையிடக் கரையேற வேண்டியவை. பாவிய கல்லிலும் வெட்டிய சுவரிலும் அவற்றால் ஏற முடியாது. எருமைகளும் அந்தக் கரையில் இறங்கத் தயங்கி நிற்பதைப் பார்க்கிறேன்.

வற்றுவதைக் குறையாக எண்ணும் பழக்கமும் எங்களிடம் ஆழமாக இருக்கிறது. குளம் வற்றினால் வயல் போயிற்று என்ற அச்சத்தில் அது பிறந்திருக்கலாம். ஆனால் இந்த வட்டாரத்துக் குளங்கள் இவ்வளவு மீன் தருவதற்குக் காரணமே அவை ஆண்டுதோறும் இறங்கி ஏறுவதுதான். நீர் இறங்கிய அலைகரையில் புல் முளைக்கிறது. மாடு மேய்ந்து சாணமிடுகிறது. சேற்றிலிருந்த இலைகுழைகள் காற்றுப் பட்டு உக்குகின்றன. ஐப்பசியில் முதல் நீர் அந்தத் தரையை மூடியதும், அதுவரை அடைபட்டிருந்த சத்து முழுவதும் நீரில் கரைகிறது. கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகுகின்றன. காய்ந்த மண்ணுக்குள் மாதங்கள், சிலவேளை ஆண்டுகள், உயிர் அடங்கிக் கிடந்த நுண்ணிய நீர்ப்பூச்சிகளின் முட்டைகள் அந்த நீர் பட்டதும் பொரித்து அந்தப் பாசிகளைத் தின்கின்றன. அவற்றைத் தின்ன மீன்குஞ்சுகள் அதே நேரத்தில் பிறக்கின்றன. மண்ணுக்குள் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு கோடையைக் கழித்த நத்தைகள் வெளியே வருகின்றன. அவற்றைத் தேடி நத்தைகுத்தி நாரைகள் இறங்குகின்றன. விரால்கூட ஈரச் சேற்றுக்குள் புதைந்து கோடையைத் தாண்ட வல்லது. இந்தத் தொடர் முழுவதும் நடப்பது, ஆண்டில் பாதிக்காலம் நிலமாகவும் பாதிக்காலம் நீராகவும் இருக்கும் அந்தச் சரிவில். எப்போதும் நீர் நிற்கும் ஒரு குழிக்குள் இது நடக்காது.

எதிர்வாதத்தின் நியாயம்

தொழில்நுட்ப உத்தியோகத்தர்களோடு இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அவர்களுடைய வாதத்தில் உண்மை இருக்கிறது. பரந்து ஆழமின்றி நிற்கும் நீர் கச்சான் காலத்தில் விரைவாக ஆவியாகிப் போகும். அதே அளவு நீரைக் குறுகிய பரப்பில் ஆழமாக வைத்தால் நீண்ட நாள் நிற்கும். கோடைப் போகமான சிறுபோகத்துக்கு ஏங்கும் கமக்காரரிடம் மீன்குஞ்சைப் பற்றிப் பேசினால் அவர் கோபிப்பதும் நியாயமே. தூர்ந்துபோன குளத்தின் வண்டலை எடுக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் எங்கே தோண்டுவது என்பது வேறு கேள்வி. துருசின் மட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அந்த நீர் தானாக வயலுக்குப் பாயாது. பம்பி வைத்துத்தான் இறைக்க வேண்டும். பழைய குளத்தின் அடியில் நூற்றாண்டுகளாகப் படிந்து இறுகிய களிப்படை ஒன்று இருக்கும். நீர் கீழே இறங்காமல் தாங்குவது அது. அளவுக்கு மிஞ்சித் தோண்டி அதை உடைத்துவிட்டால், ஆவியாவதில் மிச்சம் பிடித்த நீர் நிலத்துக்குள் போய்விடும். மேற்பகுதியின் புற்படுகையையும் மரங்களையும் எடுத்துவிட்டால், காட்டிலும் சேனையிலும் இருந்து வரும் வெள்ளம் தன் மண்ணை வடித்து இறக்க இடமில்லாமல் நேரே குளத்துக்குள் கொட்டும். இன்று தோண்டிய குளம் மீண்டும் விரைவாகத் தூர்ந்து போகும். ஆகவே கட்டை ஒட்டிய பகுதியில், கோடையில் மாட்டுக்கும் மீனுக்கும் உதவும் ஒரு மடுவாக ஆழமாக்கி, மேல் அலைகரையை இருந்தபடி விடுவது நீர் சேமிப்புக் கணக்கிலும் நட்டமில்லாத வழி.

“அப்படியெண்டா சல்வீனியாவையும் விடுறதா?” என்று ஓர் உறவினர் கேட்டார். நல்ல கேள்வி. 1939இல் கொழும்பில் தாவரவியல் கற்பிப்பதற்காகக் கொண்டுவரப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய அந்தக் களை நீரை முற்றாக மூடிவிடும். மூடிய நீருக்குள் வெளிச்சம் போகாது, உயிர்வாயு குறையும், மீன் செத்து மிதக்கும். அதை அகற்றத்தான் வேண்டும். 1980களில் அதன் தாயகத்தைச் சேர்ந்த ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் பல குளங்களில் அது அடங்கியது. ஆனால் சல்வீனியாவுக்கும் பன்னுக்கும் வேறுபாடு பார்க்காமல், பச்சையாக இருப்பது எல்லாம் அழுக்கு என்று பெக்கோவை இறக்குவதை நான் ஏற்கமாட்டேன். பன் இருந்த இடத்தில் பாய் இழைத்த பெண்களுக்கு வருமானம் இருந்தது. கொட்டிக்கிழங்கும் ஒல்லிக்கிழங்கும் பஞ்ச காலத்தில் எங்கள் முன்னோரின் உலையில் வெந்தவை. அல்லி இலையின் மேல் நீண்ட விரல்களைப் பரப்பி நடக்கும் தாமரைக்கோழி, முட்டையிடுவதும் அந்த இலைகளுக்கு நடுவேதான். அங்கு அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண் பறவை என்பதைப் பெரியப்பா எனக்குச் சிறுவயதிலேயே சொல்லியிருக்கிறார்.

அடுத்த குளம்

நாங்கள் விரால் குஞ்சுகளைக் கண்ட குளம் அடுத்த கட்டப் புனரமைப்புப் பட்டியலில் இருக்கிறது. சிறுபோக அறுவடை முடிந்து நீர் இறங்கியதும் வேலை தொடங்கும் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அறிவித்தார்கள். கட்டு பலவீனமாக இருப்பதால் வேலை நடக்கவே வேண்டும். அதில் எங்கள் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கூட்டத்தில் பெரியப்பா எழுந்து, தோண்டும் எல்லையைக் கட்டிலிருந்து குளத்தின் பாதித் தூரத்தோடு நிறுத்த வேண்டும், காட்டோரப் புல்லையும் மருத மரங்களையும் தொடக்கூடாது, நடைபாதை வேண்டுமென்றால் கட்டின் மேல் போடலாம் என்று மூன்று விடயங்களைச் சொன்னார். சிலர் தலையசைத்தார்கள். சிலர், பக்கத்துக் குளத்துக்குக் கிடைத்தது தங்களுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார்கள். தோண்டி எடுக்கப்போகும் மண்ணுக்கு ஏற்கெனவே விலை பேசி வைத்தவர்களும் இருந்தார்கள்.

கமக்காரர் அமைப்பு எழுத்தில் கேட்டால் மதிப்பீட்டைத் திருத்தலாம் என்று உத்தியோகத்தர் கூறியிருக்கிறார். கடிதத்தை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெரியப்பாவின் மூன்று கோரிக்கைகளோடு, தோண்டும் எல்லையை வேலை தொடங்குமுன் கல் நட்டு அடையாளமிட வேண்டும் என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்தேன்; எல்லை கடதாசியில் மட்டும் இருந்தால் பெக்கோ ஓட்டுபவருக்கு அது தெரியப்போவதில்லை. அங்கத்தவர்களில் பாதிப்பேர் கையொப்பமிட்டுவிட்டார்கள். மீதிப்பேரை வீடு வீடாகப் போய்ப் பார்த்து வருகிறோம். வர விரும்புகிறவர்களை அலைகரைக்கும் கூட்டிப்போகிறோம். கடிதம் இந்த மாத முடிவுக்குள் கமநல சேவை நிலையத்துக்குப் போக வேண்டும்.